உங்கள் கல்வித் தத்துவத்தை எழுதுவது எப்படி? வகுப்பறையிலிருந்து தொடங்கும் முழுமையான வழிகாட்டி

கல்வியியற் கல்லூரியில் கற்பித்தல் பயிற்சிக் கோப்பை ஒப்படைக்கும்போது இதைக் கேட்பார்கள். பட்டப்பின் கல்வி டிப்ளோமா செய்யும்போது மறுபடி கேட்பார்கள். சர்வதேசப் பாடசாலைக்கு விண்ணப்பித்தால் அங்கேயும் கேட்பார்கள்: "உங்கள் தனிப்பட்ட கல்வித் தத்துவம் என்ன? ஒரு பக்கத்தில் எழுதித் தாருங்கள்."

திருகோணமலையில் புதிதாக நியமனம் கிடைத்த ஆசிரியர்கள் இதை எழுதிக்கொண்டு வந்து "ஒருக்கா பாருங்கோ டீச்சர்" என்று என்னிடம் தருவதுண்டு. பெரும்பாலானவை இப்படித்தான் தொடங்கும்: "மாணவர் மையக் கல்வியில் எனக்கு ஆழ்ந்த நம்பிக்கை உண்டு. ஒவ்வொரு பிள்ளையும் தனித்துவமானது. முழுமையான ஆளுமை கொண்ட நற்பிரஜையை உருவாக்குவதே என் இலக்கு." இதில் பிழையான வசனம் ஒன்றும் இல்லை. ஆனால் புல்மோட்டையில் தரம் 1 எடுப்பவரும், நகரத்தில் உயர்தர இரசாயனவியல் எடுப்பவரும், மூதூரில் சங்கீதம் எடுப்பவரும் ஒரு சொல்லும் மாற்றாமல் இதன் கீழே கையொப்பம் வைக்கலாம். எல்லோருக்கும் பொருந்துகிற தத்துவம் யாருடைய தத்துவமும் இல்லை.

உங்கள் கல்வித் தத்துவம் ஏற்கெனவே உங்கள் வகுப்பில் நடந்துகொண்டிருக்கிறது என்பதுதான் என் எண்ணம். யாருடைய கொப்பியை முதலில் திருத்துகிறீர்கள், பிந்தி வந்த பிள்ளையிடம் முதல் வார்த்தையாக என்ன கேட்கிறீர்கள், பிழையான விடை வந்ததும் உங்கள் முகம் எப்படி மாறுகிறது என்பதில் எல்லாம் அது இருக்கிறது. எழுத உட்காருவது என்றால் அதைக் கண்டுபிடிப்பது. கண்டுபிடித்தது உங்களுக்குச் சம்மதம் என்றால் எழுதுங்கள். சம்மதம் இல்லை என்றால் முதலில் வகுப்பை மாற்றுங்கள், பிறகு எழுதுங்கள். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த வரிசையில்தான் போகிறது.

தொடங்கும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

அளவு ஒன்று முதல் இரண்டு ஏ4 பக்கம். "நான்" என்று தன்மையில் எழுத வேண்டும். "செய்வேன்" என்பதைவிட "செய்கிறேன்" நல்லது. இன்னும் வகுப்புக் கிடைக்காத பயிலுனர் என்றால் பயிற்சிக் காலத்தில் செய்ததை எழுதலாம்.

பாடசாலைச் சுவரில் எழுதியிருக்கும் தூரநோக்கும் பணிக்கூற்றும் நிறுவனத்துடையவை. அவற்றைக் கொஞ்சம் திருப்பிப் போட்டால் உங்கள் தத்துவம் ஆகாது. சுயவிவரக் கோவையில் உள்ள பட்டங்களையும் பரிசுகளையும் இங்கே திரும்ப எழுதத் தேவையில்லை. கருத்துவாதம், இயற்கைவாதம், பயன்பாட்டுவாதம் என்று பரீட்சைக்குப் படித்த பிரிவுகளை விளக்குவதற்கும் இது இடம் இல்லை. வாசிப்பவருக்கு அவை தெரியும். அவருக்குத் தெரியாதது உங்கள் வகுப்பு.

நேரம் எடுங்கள். ஒரே இரவில் எழுதினால் மேலே சொன்ன மூன்று வசனங்கள்தான் வரும். இரண்டு, மூன்று வாரம் கொடுத்தால் போதும்.

படி 1: ஒரு வாரம் உங்கள் வகுப்பையே பாருங்கள்

ஒரு சின்னக் கொப்பி வாங்குங்கள். ஒவ்வொரு நாளும் பாடசாலை விட்டதும், வீட்டுக்குப் போகும் முன், ஆசிரியர் ஓய்வறையில் பத்து நிமிடம் இருந்து அன்று நீங்கள் செய்ததை மட்டும் குறியுங்கள். என்ன நினைத்தீர்கள் என்பது இப்போதைக்கு வேண்டாம்.

எதைக் குறிப்பது? பாடத்தின் முதல் ஐந்து நிமிடம் எப்படிப் போனது. எந்தெந்தப் பிள்ளையிடம் கேள்வி கேட்டீர்கள். இடாப்பை எடுத்து, கேட்ட பெயர்களுக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துக்கொண்டு வாருங்கள். வெள்ளிக்கிழமை பார்த்தால் சில பெயர்களில் புள்ளிகள் குவிந்திருக்கும், சில பெயர்கள் வெறுமையாக இருக்கும். அந்த வெறுமையான பெயர்களைப் பற்றி உங்கள் தத்துவம் என்ன சொல்லப் போகிறது என்று யோசியுங்கள். எழுதத் தகுந்த முதல் கேள்வி பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும்.

இன்னொன்றையும் பாருங்கள். கேள்வி கேட்டுவிட்டு எவ்வளவு நேரம் பொறுத்திருக்கிறீர்கள்? அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் விஞ்ஞான வகுப்புகளின் ஒலிப்பதிவுகளை வைத்து இதை அளந்தார். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு செக்கன் அளவே காத்திருந்தார்கள். அதை மூன்று செக்கனுக்கு மேல் நீட்டியதும் பிள்ளைகளின் விடைகள் நீளமாகின, தாமாகவே பேசுவது கூடியது, பதில் சொல்லாமல் விடுவது குறைந்தது. இந்த ஆய்வு எனக்கு மிகவும் பிடிக்கும். "மெல்லக் கற்கும் பிள்ளைக்கும் இடம் தருகிறேன்" என்று பக்கம் பக்கமாக எழுதலாம். அந்த இடத்தின் அளவு வகுப்பில் மூன்று செக்கன். ஒன்றில் கொடுக்கிறீர்கள், இல்லாவிட்டால் இல்லை.

படி 2: உங்கள் முன்னால் இருக்கும் பிள்ளை யார் என்று எழுதுங்கள்

பெரும்பாலானவர்கள் இந்தப் படியை விட்டுவிடுகிறார்கள். "பிள்ளை" என்று பொதுவாக எழுதும்போது எந்தப் பிள்ளையும் கண்ணுக்கு முன் வராது.

எங்கள் மாவட்டத்தையே எடுப்போம். ஒரே மாவட்டத்துக்குள் கடலோரப் பாடசாலையும் இருக்கிறது, தம்பலகாமத்து வயல்வெளிப் பாடசாலையும் இருக்கிறது. தமிழ், முஸ்லிம், சிங்களப் பிள்ளைகள் பக்கத்துப் பக்கத்து ஊர்களில் வளர்ந்தும் பெரும்பாலும் வேறு வேறு பாடசாலைகளில் படிக்கிறார்கள். கரையோர வீடுகளில் வீட்டு நேரத்தைக் கடல்தான் முடிவுசெய்கிறது. வயல் வீடுகளில் பெரும்போக அறுவடைக் காலத்தில் பெரிய பிள்ளைக்குச் சின்னவர்களைப் பார்க்கும் பொறுப்பு வந்துவிடும்.

பிந்தி வருவது என்ற ஒரு விடயத்தைக் கவனியுங்கள். கிண்ணியாப் பாலம் திறந்தது 2009இல். அதற்கு முன் நகரத்துக்கு வரவேண்டியவர்கள் பாதைக்கு, அதாவது ஆட்களை ஏற்றிக் கடக்கும் படகுக்கு, காத்திருந்தார்கள், பாதை பிந்தினால் பிள்ளையும் பிந்தும். 2021 நவம்பரில் குறிஞ்சாக்கேணியில், பால வேலை நடந்துகொண்டிருந்த இடத்தில், ஆட்களை ஏற்றி இறக்கிய படகுப்பாதை கவிழ்ந்தது. பாடசாலைக்குப் போய்க்கொண்டிருந்த பிள்ளைகளும் இறந்தார்கள். அந்தக் காலையை அறிந்த ஓர் ஆசிரியரால் பிந்தி வரும் பிள்ளையைக் கேற்றில் நிறுத்திவைப்பதை வெறும் ஒழுங்குப் பிரச்சினையாகப் பார்க்க முடியாது. "நேரம் தவறாமை" பற்றி நீங்கள் எதை எழுதினாலும், அந்தப் பிள்ளை எந்த வழியால் வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டு எழுதுங்கள்.

வீட்டுவேலையும் அப்படித்தான். சம்பூர் மக்கள் 2006இல் யுத்தத்தால் இடம்பெயர்ந்தார்கள். ஏறத்தாழப் பத்தாண்டுக்குப் பிறகே ஊர் திரும்ப முடிந்தது. அந்த ஆண்டுகளில் முகாம் பாடசாலையில் படித்தவர்களும் படிப்பை விட்டவர்களும் இன்று பெற்றோராக இருக்கிறார்கள். 2004 சுனாமியால் படிப்புக் குழம்பியவர்களும் கரையோரத்தில் உண்டு. "அம்மாவிடம் கேட்டு எழுதிவாருங்கள்" என்று கொடுக்கும் வீட்டுவேலை எல்லா வீட்டுக்கும் ஒரே எடையில் போய்ச் சேருவதில்லை. இதைப் புரிந்துகொண்ட ஆசிரியர் ஒருவர் தன் தத்துவத்தில் இப்படி ஒரு வரி எழுதலாம்: "பெற்றோரின் படிப்பை நம்பி நான் வீட்டுவேலை கொடுப்பதில்லை. பெற்றோருக்கு வாழ்க்கையில் தெரிந்ததைக் கேட்டுவரச் சொல்கிறேன்." வலை எப்படிப் பொத்துவது, நெல்லை எப்படிப் பதம் பார்ப்பது என்று கேட்டுவந்தால் பிள்ளையும் வெறுங்கையோடு வராது, தாய் தகப்பனும் தலைகுனிய மாட்டார்கள்.

உங்கள் ஊர் வேறாக இருக்கலாம். உங்கள் இடாப்பில் உள்ள பெயர்களை வைத்துக்கொண்டு அரைப் பக்கம் எழுதுங்கள். இறுதிப் பிரதியில் இதில் இரண்டு, மூன்று வரிகள்தான் மிஞ்சும். பிள்ளையின் பெயரோ அடையாளமோ அதில் வரக்கூடாது.

படி 3: நான்கு கேள்விகள்

இப்போது பெரிய கேள்விகளுக்கு வரலாம். கல்வி எதற்காக? பிள்ளை எப்படிக் கற்கிறது? அதில் என் வேலை என்ன? கற்றுவிட்டது என்பதை எதைக் கொண்டு அறிகிறேன்?

முதல் கேள்விக்கு ஒரு வரி போதும். அதற்கு மேல் போனால் பிரசங்கம் ஆகிவிடும். இரண்டாவதையும் மூன்றாவதையும் அடுத்த படி பார்த்துக்கொள்ளும். நான்காவதில் கொஞ்சம் நில்லுங்கள். எங்கள் நாட்டில் அந்தக் கேள்விக்குள் பரீட்சை இருக்கிறது.

தரம் 5 புலமைப்பரிசில், சாதாரணதரம், உயர்தரம் ஆகிய மூன்றையும் பற்றி ஒரு வார்த்தையும் இல்லாமல் "மதிப்பீடு என்பது தொடர்ச்சியான செயன்முறை" என்று முடிக்கும் தத்துவங்களை நான் திருப்பிக் கொடுத்துவிடுவேன். பத்து வயதுப் பிள்ளை எழுதும் ஒரு பரீட்சைக்காக வீடே ரியூசனுக்கு ஓடுகிற நாட்டில் அந்த மௌனம் நேர்மையானது இல்லை. பரீட்சைக்கு எதிராக எழுதவேண்டும் என்று சொல்லவில்லை. கல்வி அமைச்சராக இருந்த கன்னங்கராவின் காலத்தில், 1945இல், இலவசக் கல்வி வந்தது. அதன் பிறகு ஏழை வீட்டுப் பிள்ளை மேலே போவதற்குப் பரீட்சை உண்மையாகவே ஒரு கதவாக இருந்திருக்கிறது. அந்தக் கதவைத் திறந்துகொடுக்கும் பொறுப்பு எங்களுக்கு உண்டு. அதே நேரம், அந்தக் கதவால் போக முடியாத பிள்ளைக்கும் வகுப்பில் நான் எதையாவது கொடுத்தேனா என்ற கேள்வியும் உண்டு. இரண்டையும் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று எழுதுங்கள். "மூன்றாம் தவணையில் கடந்தகால வினாத்தாள் செய்கிறோம், முதல் தவணையில் அதை நான் எடுப்பதே இல்லை" என்பது ஒரு நிலைப்பாடு. வாசிப்பவர் அதை ஏற்கலாம், மறுக்கலாம். நிலைப்பாடே இல்லாததை என்ன செய்வது?

படி 4: ஒவ்வொரு நம்பிக்கைக்கும் ஒரு பாடத்தைக் கட்டுங்கள்

வழிகாட்டியில் இதுதான் முக்கியமான படி. "நான் நம்புகிறேன்" என்று வரும் ஒவ்வொரு வசனத்துக்கும் கீழே நீங்கள் உண்மையில் எடுத்த ஒரு பாடத்தை எழுதுங்கள். பாடம் கிடைக்கவில்லை என்றால் அந்த வசனத்தை வெட்டிவிடுங்கள்.

உதாரணத்துக்கு, "செயல்வழிக் கற்றலில் எனக்கு நம்பிக்கை உண்டு" என்ற வசனம். நகரத்திலிருந்து அநுராதபுரம் வீதியில் போனால் கன்னியா வருகிறது. சதுரமாகக் கட்டிய ஏழு சின்ன வெந்நீர்க் கிணறுகள். பக்கத்தில் பக்கத்தில் இருந்தாலும் ஒவ்வொன்றிலும் சூடு வேறு. சுற்றுலா என்று கூட்டிப்போய், குளித்துவிட்டு, படம் எடுத்துக்கொண்டு வரலாம். விஞ்ஞான ஆசிரியர் ஒருவர் அதே இடத்தில் வெப்பநிலை என்ற பாடத்தையே நடத்தலாம். அப்படிப்பட்ட பாடம் இப்படிப் போகும்.

முதலில் வெப்பமானியை வெளியே எடுப்பதில்லை. வாளியில் அள்ளிய தண்ணீரைக் கையால் தொட்டுப் பார்த்து, எது கூடச் சூடு, எது குறைவு என்று பிள்ளைகள் ஒன்று முதல் ஏழு வரை வரிசைப்படுத்தி எழுத வேண்டும். ஐந்து நிமிடத்தில் சண்டை தொடங்கிவிடும். "டீச்சர், இதுதான் கூடச் சுடுது." "இல்ல டீச்சர், அவள் பொய் சொல்லுறாள், அது சும்மா இளஞ்சூடு." இரண்டு பேரும் சொல்வது உண்மை. ஒருத்தி ஆகச் சூடான தண்ணீரில் கையை வைத்துவிட்டு அடுத்த வாளிக்கு வந்திருக்கிறாள், அவளுக்கு அது ஆறியதாகத் தெரிகிறது. மற்றவள் சூடு குறைந்த பக்கமிருந்து வந்திருக்கிறாள், அதே தண்ணீர் அவளுக்குச் சுடுகிறது. ஆசிரியர் தீர்ப்புச் சொல்லாமல் நின்றால், யாராவது ஒரு பிள்ளை "அளந்து பார்ப்பமா?" என்று கேட்கும். வெப்பமானி பைக்குள்ளிருந்து வரவேண்டிய நேரம் அதுதான். அளக்கும் கருவி எதற்கு என்பது அந்தப் பிள்ளைகளுக்கு இனி மறக்காது, கேள்வியே அவர்களுடையது.

ஏழு கிணறுகளுக்கும் போக வசதி இல்லையா? பயணத்துக்கு வலயக் கல்வி அலுவலக அனுமதி, பெற்றோர் சம்மதம், பஸ் காசு எல்லாம் வேண்டும், எல்லாப் பாடசாலைக்கும் அது முடியாது. மூன்று பேசின்களில் சுடுதண்ணீர், பச்சைத்தண்ணீர், இரண்டும் கலந்தது என்று வைத்தாலும் இதே சண்டை வகுப்புக்குள் வரும். சுடுதண்ணீர் கை பொறுக்கும் சூட்டில் இருக்கட்டும்.

இப்போது பழைய வசனத்தை எடுத்துவிட்டு இப்படி எழுதிப் பாருங்கள்: "பிள்ளைக்குக் கேள்வி வரும் முன் நான் கருவியையோ சூத்திரத்தையோ கையில் கொடுப்பதில்லை. வெப்பநிலைப் பாடத்தில் பிள்ளைகள் முதலில் கையால் தொட்டு வாதாடுகிறார்கள், வெப்பமானி பிறகுதான் வருகிறது." செயல்வழிக் கற்றல் என்ற சொல்லே இதில் இல்லை. ஆனால் எப்படிப்பட்ட ஆசிரியர் என்று தெரிகிறது, நேர்முகத்தில் இவரிடம் கேட்க நூறு கேள்வி இருக்கிறது.

இப்படி மூன்று அல்லது நான்கு நம்பிக்கைகள் போதும். பத்து நம்பிக்கை உள்ள ஆசிரியரை நான் நம்பமாட்டேன்.

படி 5: அறிஞர்களை இப்போது அழையுங்கள்

நம்பிக்கைகளும் பாடங்களும் தாளில் வந்த பிறகே அறிஞர்களின் பெயர்கள் வரவேண்டும். பெயரில் தொடங்கினால் உங்கள் குரல் கேட்காது. நீங்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும் ஒன்றுக்கு, முன்பே யோசித்த ஒருவர் சொல் கொடுத்திருக்கிறார் என்றால் அவரைக் கூப்பிடுங்கள்.

பிள்ளைகளை இரண்டு இரண்டு பேராக இருத்தி, தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க விடுகிறீர்களா? அங்கே வைகோட்ஸ்கி வரலாம். 1896இல் பிறந்து, 37 வயதில் காசநோயால் இறந்த ரஷ்ய உளவியலாளர். ஒரு பிள்ளை தனியாகச் செய்யக்கூடியதற்கும், தெரிந்த ஒருவரின் உதவியோடு செய்யக்கூடியதற்கும் இடையே உள்ள பகுதியை அண்மை விருத்தி வலயம் என்றார். கற்பித்தல் நடக்க வேண்டிய இடம் அது. பிள்ளை தன் அனுபவத்திலிருந்து கற்க வேண்டும் என்பது உங்கள் வழி என்றால் ஜோன் டூயி. அவர் 1896இல் சிக்காகோவில் ஒரு பரிசோதனைப் பாடசாலையையே தொடங்கி நடத்தியவர். ஆசிரியர் சொல்லிக்கொண்டே போக, மாணவர் மனதில் சேமித்துவைக்கும் முறையை "வங்கி முறை" என்று கண்டித்தவர் பிரேசிலின் பாவ்லோ பிரெய்ரே. எழுதப் படிக்கத் தெரியாத ஏழைத் தொழிலாளர்களுக்கு அவர்களுடைய வாழ்க்கையில் புழங்கும் சொற்களை வைத்தே எழுத்துக் கற்பித்தவர். பெற்றோரின் தொழிலைப் பாடமாக்குகிறவர்களுக்கு அவர் நெருக்கமானவர்.

திருகோணமலை ஆசிரியருக்கு இன்னும் பக்கத்தில் ஒருவர் இருக்கிறார். சுவாமி விபுலாநந்தர் 1892இல் காரைதீவில் பிறந்தார், இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி. 1920களில் இங்கே இந்துக் கல்லூரியில் அதிபராக இருந்தார். பிறகு 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியர், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர். விஞ்ஞானத்தையும் தமிழையும் இசையையும் வேறு வேறு அறைகளில் பூட்டிவைக்காத ஒரு மனம் அது. கணிதம் எடுக்கும் நீங்கள் பிள்ளையின் தமிழ் வசனத்தையும் திருத்துகிறீர்கள் என்றால், அவர் பெயரை எழுத உங்களுக்கு உரிமை உண்டு. எங்கள் ஊர்க் கோப்புகளில் சுவிஸ் உளவியலாளர் பியாஜே வந்த அளவுக்கு அவர் வராதது எனக்கு உண்மையாகவே வருத்தம்.

இரண்டு பெயருக்கு மேல் வேண்டாம்.

படி 6: கஷ்டமான இடத்தைத் தாண்டிப் போகாதீர்கள்

நல்ல தத்துவக் கூற்றில் எழுதியவருக்கே எழுதக் கஷ்டமாக இருந்த ஓர் இடமாவது இருக்கும். எங்கள் சூழலில் அப்படிப்பட்டவை சில.

தண்டனை. பாடசாலையில் உடல் தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சு 2005இலேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. ஆனாலும் "ரெண்டு அடி போட்டுப் படிப்பியுங்கோ டீச்சர்" என்று பெற்றோரே வந்து சொல்வார்கள். அந்தத் தகப்பனுக்கு நீங்கள் என்ன பதில் சொல்கிறீர்கள்? பிரம்பு இல்லாத வகுப்பில் ஒழுங்கு எதனால் நிற்கிறது? இரண்டு வரியில் எழுத முடிந்தால், வாசிப்பவர் அந்த இரண்டு வரிக்காகவே உங்களை நினைவில் வைத்திருப்பார்.

மொழி. தமிழ்ப் பிள்ளைக்குச் சிங்களமும் சிங்களப் பிள்ளைக்குத் தமிழும் இரண்டாம் மொழியாகக் கற்பிக்கப்படுகின்றன. மூன்று சமூகமும் ஒரே சந்தையில் மீன் வாங்கும் மாவட்டத்தில், அடுத்த வீதிப் பிள்ளையின் மொழி வெறும் புள்ளிக்கான பாடமாக இருக்கலாமா? மொழி ஆசிரியர் மட்டும் பதில் சொல்லவேண்டிய கேள்வி இல்லை இது.

ரியூசன். நீங்களும் மாலையில் எடுக்கிறவர் என்றால், காலை வகுப்புக்கும் மாலை வகுப்புக்கும் இடையே உங்கள் நேர்மை எப்படி நிற்கிறது என்று யோசியுங்கள். கோப்பில் எழுதாவிட்டாலும் உங்கள் சின்னக் கொப்பியில் எழுதுங்கள்.

படி 7: வரைவு

வரிசை பற்றிப் பயப்படத் தேவையில்லை. நான் சிபாரிசு செய்வது: யாருக்குக் கற்பிக்கிறேன், அவர்கள் எப்படிக் கற்கிறார்கள் என்று கண்டிருக்கிறேன், அதனால் என்ன செய்கிறேன், கஷ்டமான இடம், இந்த ஆண்டு எதைப் பழகிக்கொண்டிருக்கிறேன். முதல் வரியில் மேற்கோள் வேண்டாம், "கல்வி என்பது" என்ற தொடக்கமும் வேண்டாம்.

கடலோரப் பாடசாலை ஒன்றின் விஞ்ஞான ஆசிரியர் எழுதினால் எப்படி இருக்கும் என்று ஒரு மாதிரி தருகிறேன். இதைப் பிரதிபண்ண வேண்டாம், அமைப்பைப் பாருங்கள்.

"தரம் 6 முதல் 9 வரை விஞ்ஞானம் கற்பிக்கிறேன். என் வகுப்பில் பலர் கடற்றொழில் வீட்டுப் பிள்ளைகள். கச்சான் காற்று எப்போது எழும்பும், வாடை தொடங்கினால் வள்ளத்தை எங்கே ஏற்றவேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். ஏன் என்பதை அதோடு சேர்த்துக் கொடுப்பது என் வேலை. தென்மேற்குக் காற்று மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, வறண்டு, சூடாக எங்கள் பக்கம் இறங்குகிறது என்ற பாடத்தை நான் வரைபடத்தில் தொடங்குவதில்லை. 'கச்சான் அடிக்கும்போது உங்கள் வீட்டில் என்ன மாறுகிறது?' என்ற கேள்வியில் தொடங்குகிறேன். உடுப்பு கெதியாகக் காய்கிறது, தொண்டை வறளுகிறது, கருவாடு நன்றாக வருகிறது என்று பிள்ளைகள் சொல்வதைக் கரும்பலகையில் எழுதிய பிறகே வரைபடத்தை விரிக்கிறேன்.

பிழையான விடையை நான் அழிப்பதில்லை. பாடம் முடியும்வரை கரும்பலகையின் ஓர் ஓரத்தில் இருக்கும், கடைசியில் அதைச் சொன்ன பிள்ளையே வந்து திருத்தும். கேள்வி கேட்டபின் மனதுக்குள் மூன்று வரை எண்ணுகிறேன். தெரிந்த பிள்ளையும் தெரியாத பிள்ளையும் சேர்ந்து இருக்கும்படி வாங்குகளைப் போடுகிறேன்.

சாதாரணதரப் பரீட்சை என் பிள்ளைகளுக்கு முக்கியம், அதை நான் மறைப்பதில்லை. ஆனால் தரம் 9 முடியும்வரை கடந்தகால வினாத்தாளை வகுப்புக்குள் கொண்டுவருவதில்லை. அடிக்கச் சொல்லி வரும் பெற்றோரிடம் பிள்ளையின் கொப்பியை விரித்து, எந்தப் பக்கத்திலிருந்து விளக்கம் தவறியிருக்கிறது என்று காட்டுகிறேன். இந்த ஆண்டு, வகுப்பில் வாய் திறக்காத பிள்ளைகள் தங்கள் கேள்வியை எழுதிப்போட ஒரு பெட்டி வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமைப் பாடம் அந்தப் பெட்டியிலிருந்து தொடங்குகிறது."

அறிஞர் ஒருவரும் இதில் இல்லை. வேண்டுமென்றால் வாங்குகளைப் போடும் வரிக்குப் பிறகு வைகோட்ஸ்கியை ஒரு வசனத்தில் சேர்க்கலாம்.

படி 8: சோதித்து வெட்டுங்கள்

பெயரை மறைத்துவிட்டு, உங்களோடு வேலை செய்யும் ஒருவரிடம் கொடுங்கள். யார் எழுதியது என்று அவரால் சொல்ல முடிந்தால் சரி. முடியவில்லை என்றால் படி 4க்குத் திரும்புங்கள்.

பிறகு நேரசூசியைப் பக்கத்தில் வையுங்கள். தாளில் இருக்கும் ஒவ்வொரு செயலும் கடந்த இரண்டு வாரத்தில் எந்தப் பாடவேளையில் நடந்தது என்று விரலை வைத்துக் காட்ட முடிகிறதா? நடக்காததை வெட்டுங்கள், அல்லது அடுத்த வாரம் நடத்திவிட்டு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது வழிதான் எனக்குப் பிடித்தது. எழுதியதற்காகவே வகுப்பில் ஒன்று புதிதாக நடந்தால், இந்தத் தாள் அப்போதே பிரயோசனப்பட்டுவிட்டது.

கடைசியாகச் சொற்கள். முழுமையான ஆளுமை, நற்பிரஜை, நவீன உலகின் சவால்கள், பன்முக ஆற்றல் என்று வரும் இடங்களில் கோடு போடுங்கள். அந்த வசனத்தை உங்கள் வகுப்புப் பிள்ளையிடம் வாய்விட்டுச் சொன்னால் அதற்கு விளங்குமா? விளங்காது என்றால் விளங்கும்படி மாற்றி எழுதுங்கள்.

படி 9: எழுதிய பிறகு

நேர்முகத்துக்குப் போகும்போது தாளை மனப்பாடம் செய்யாதீர்கள். ஒவ்வொரு வரிக்கும் பின்னால் உள்ள பாடத்தை நினைவில் வைத்திருங்கள். "ஒரு உதாரணம் சொல்லுங்கள்" என்றுதான் கேட்பார்கள், உங்களிடம் உதாரணம் நிறைய இருக்கும். ஆசிரிய ஆலோசகர் வகுப்புக்கு வரும் நாளில் பாடக்குறிப்போடு இதையும் கொடுத்து, "இதில் எழுதியது வகுப்பில் தெரிகிறதா என்று பாருங்கள்" என்று கேட்கலாம். அப்படிக் கேட்ட இளம் ஆசிரியர்களுக்குக் கிடைத்த கருத்துகள் வழமையான மேற்பார்வைக் குறிப்பைவிடப் பல மடங்கு பயனுள்ளவையாக இருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

தாளின் கீழே திகதி போடுங்கள். புதிய கல்வியாண்டில் புதிய இடாப்பு வந்ததும் படி 2ஐ மட்டுமாவது திரும்பச் செய்யுங்கள், பிள்ளைகள் மாறியிருப்பார்கள். இடமாற்றம் கிடைத்து, நகரத்திலிருந்து ஈச்சிலம்பற்றுக்கோ குச்சவெளிக்கோ போனால் முழுவதையும் திரும்ப எழுதவேண்டி வரலாம். பழைய பிரதியை எறியாமல் அதே கோப்பில் புதியதற்குப் பின்னால் வையுங்கள். அடுத்த பதவி உயர்வு நேர்முகத்தில் "இத்தனை வருடத்தில் உங்களிடம் என்ன மாறியிருக்கிறது?" என்று கேட்டால், இரண்டு தாளையும் எடுத்து மேசையில் வைக்கலாம்.